எரேமியா 34: வெட்டிய கன்றும் மீறிய வாக்கும்

கேள்வி இது: “எரேமியா 34-ஆம் அதிகாரத்தில் எருசலேம்காரர்கள் அடிமைகளை விடுதலை செய்துவிட்டு, பிறகு அவர்களையே திரும்பப் பிடித்துக்கொள்கிறார்கள். அதற்காக நகரத்தையே எரிப்பேன் என்கிறார் கடவுள். கன்றுக்குட்டியை இரண்டாக வெட்டி நடுவே நடந்தவர்களை அந்தக் கன்றைப் போலவே ஆக்குவேன் என்கிறார். இது என்ன சடங்கு? பாபிலோன் கையில் அழிவு நிச்சயம் என்று ஏற்கெனவே சொல்லியாயிற்றே, இந்த ஒரு குற்றத்துக்கு ஏன் இத்தனை கொதிப்பு? நடந்த அழிவுக்கெல்லாம் ‘உடன்படிக்கையை மீறினீர்கள்’ என்று பின்னால் ஒட்டிய காரணம்தானா இது?”

சரியான இடத்தில் கையை வைத்திருக்கிறீர்கள். எபிரெயத் தீர்க்கதரிசிகளின் தீர்ப்புப் பேச்சு எப்படி வேலை செய்கிறது என்று காட்ட ஒரே ஒரு அதிகாரம் போதும் என்றால், ஏசாயாவையும் ஆமோசையும் விட்டுவிட்டு இதைத்தான் எடுப்பேன். கவிதையாக இதில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் ஒப்பந்தம், அதைப் போட்ட சடங்கு, கையெழுத்திட்டவர்கள் என்று சொல்லத்தக்கவர்களின் பட்டியல், மீறல், தீர்ப்பு எல்லாம் ஒரு வழக்குக் கட்டைப் போல ஒரே இடத்தில் இருக்கின்றன.

சுருக்கமாகக் கேட்டால் என் பதில்: அந்தத் தண்டனையைக் கடவுள் புதிதாக யோசித்துச் சொல்லவில்லை. கன்றின் நடுவே நடந்தவர்கள் தங்கள் வாயாலும் காலாலும் தங்களுக்கே விதித்துக்கொண்டது அது. தீர்க்கதரிசி அதை எடுத்துப் படிக்கிறார், அவ்வளவுதான். மீதி விளக்கம் கொஞ்சம் நீளம்.

முதலில் நிலவரம். கி.மு. 597-இல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடித்தான். பாபிலோனியரின் ஆண்டுக்குறிப்புக் களிமண் பலகை ஒன்று இதை நாள் கணக்கோடு சொல்கிறது: அவனுடைய ஏழாம் ஆட்சியாண்டு, ஆதார் மாதம், இரண்டாம் நாள். தனக்குப் பிடித்த ஒருவனை அங்கே ராஜாவாக்கி, பெரும் கப்பம் வாங்கிக்கொண்டு போனான் என்று அந்தக் குறிப்பு முடிகிறது. அந்த ஒருவன்தான் மத்தனியா. அவன் பெயரைச் சிதேக்கியா என்று மாற்றியதும் நேபுகாத்நேச்சார்தான் (2 இராஜாக்கள் 24:17). பெயர் மாற்றியதோடு சத்தியமும் வாங்கினான். இந்தச் சத்தியத்தை நினைவில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

ஏறக்குறைய பத்து ஆண்டு கழித்து சிதேக்கியா எகிப்தை நம்பி முறுக்கிக்கொண்டான். கி.மு. 588 அளவில் பாபிலோன் படை வந்து முற்றுகையிட்டது. எருசலேமைத் தலைநகராகக் கொண்ட யூதா நாட்டின் அரணான ஊர்கள் ஒவ்வொன்றாக விழுந்து, எருசலேமைத் தவிர லாகீசும் அசெக்காவும் மட்டுமே மிஞ்சின என்று 34:7 சொல்கிறது. போகிற போக்கில் சொன்ன இந்த விவரத்துக்கு 1935-இல் மண்ணுக்கடியிலிருந்து துணை கிடைத்தது. லாகீஸ் மேட்டில் அகழ்ந்த ஸ்டார்க்கியின் குழு, கோட்டை வாசல் அறையில் மை கொண்டு எழுதிய பானையோட்டுக் கடிதங்களைக் கண்டெடுத்தது. அதில் நான்காவது கடிதத்தில், வெளிக்காவலில் இருந்த ஓர் அதிகாரி தன் தலைவனுக்கு எழுதுகிறான்: லாகீசின் தீச்சைகைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம், ஏனென்றால் அசெக்காவைக் காண முடியவில்லை. அசெக்கா அதற்குள் விழுந்துவிட்டதா, அல்லது மலை மறைத்ததா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். எதுவானாலும், எரேமியாவின் அந்த வரி எழுதப்பட்ட உலகம் இதுதான்: ஒவ்வொரு இரவும் எந்த மலையில் நெருப்புத் தெரிகிறது என்று எண்ணிக்கொண்டிருந்த நாடு.

இந்த நெருக்கடியில்தான் சிதேக்கியா ஒரு காரியம் செய்கிறான். எருசலேமில் எபிரெய அடிமை, அடிமைப்பெண் யாரை வைத்திருந்தாலும் விடுதலை செய்துவிட வேண்டும் என்று ஜனங்களோடு உடன்படிக்கை செய்கிறான். போரில் பிடித்த அந்நியர்களைப் பற்றி இங்கே பேச்சில்லை. கடனில் மூழ்கி, தன்னையோ பிள்ளையையோ அடகு வைத்த சொந்த இனத்தார்; நம் சொல்லில் கொத்தடிமைகள். இவர்களை ஆறு வருஷத்துக்கு மேல் வைத்திருக்கக்கூடாது என்று சட்டம் ஏற்கெனவே இருந்தது (யாத்திராகமம் 21, உபாகமம் 15). அனுப்பும்போது வெறுங்கையாக அனுப்பாதே, ஆட்டிலும் களத்திலும் ஆலையிலும் இருந்து கொடுத்து அனுப்பு என்று உபாகமம் கூடுதலாகச் சொல்கிறது. உங்கள் பிதாக்கள் இதைக் கேட்கவே இல்லை என்று எரேமியா 34:14 போகிற போக்கில் ஒரு குட்டு வைக்கிறது. பல தலைமுறையாக ஏட்டில் மட்டும் இருந்த சட்டம் என்று பொருள்.

ஏன் திடீரென்று இந்த நல்ல புத்தி? ராஜாவின் நோக்கத்தைப் பற்றி நூல் வாய் திறக்கவில்லை. முற்றுகையில் அடிமைக்கும் சோறு போட வேண்டும், விடுதலையானவன் மதில்மேல் நின்று சண்டை போடுவான், கடவுளும் மனமிரங்கலாம். மூன்றும் கலந்திருக்கும் என்பது என் ஊகம். ஆனால் நோக்கத்தை எரேமியா நோண்டவில்லை என்பதைக் கவனியுங்கள். பயத்தில் செய்ததையும்கூட, “நீங்கள் இன்று என் பார்வைக்குச் செம்மையானதைச் செய்தீர்கள்” என்ற பொருளில் கடவுள் ஒப்புக்கொள்கிறார் (34:15). இந்த அதிகாரத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.

பிறகு எகிப்தியப் படை கிளம்பிய செய்தி வருகிறது. ஒப்பிரா என்னும் பார்வோனின் காலம். பாபிலோனியர் அவர்களை எதிர்கொள்ள முற்றுகையைத் தளர்த்தி விலகுகிறார்கள் (37:5). நகரம் மூச்சு விடுகிறது. வாசல் திறக்கிறது, வயல் வேலைக்கு ஆள் வேண்டும். உடனே, விட்டவர்களை மறுபடியும் பிடித்து அடிமைகளாக்கிக்கொள்கிறார்கள். ஆபத்து நீங்கியதும் நேர்த்திக்கடனை மறக்கிற மனுஷப் புத்திதான். இங்கே மறந்த நேர்த்திக்கடன், உயிருள்ள ஆட்கள்.

இனிச் சடங்குக்கு வருவோம். எபிரெயத்தில் உடன்படிக்கை “செய்வதில்லை”, “வெட்டுகிறார்கள்”: காரத் பெரீத். தமிழ் வேதாகமத்தில் “உடன்படிக்கைபண்ணினான்” என்று வருகிற பல இடங்களில் மூலத்தில் இருப்பது இந்த வெட்டுதான். தமிழில் அப்படி எழுதினால் உடன்படிக்கையை முறித்ததாகத் தோன்றும் என்பதால் மொழிபெயர்ப்பாளர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இரத்தவாடை போய்விடுகிறது.

வெட்டியது எதற்கு என்று பக்கத்து நாடுகளின் கல்வெட்டுகள் ஒளிக்காமல் சொல்கின்றன. அலெப்போவுக்குத் தெற்கே செஃபிரே என்ற ஊர்ப்பக்கம் கிடைத்த அரமேயக் கல்வெட்டுகள், கி.மு. எட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தவை. அர்பாத் நாட்டு ராஜா மத்தியேல் இன்னொரு ராஜாவோடு செய்த ஒப்பந்தம் அது. ஒப்பந்தத்தை மீறினால் என்ன ஆகும் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறது: இந்த மெழுகு நெருப்பில் எரிவதுபோல அர்பாத் எரியட்டும், இந்த மெழுகு மனிதனின் கண் குருடாக்கப்படுவதுபோல மத்தியேலின் கண் குருடாகட்டும், இந்தக் கன்று வெட்டப்படுவதுபோல மத்தியேலும் அவன் பிரபுக்களும் வெட்டப்படட்டும். அதே மத்தியேல் அசீரிய ராஜா ஐந்தாம் அஷூர்நிராரியோடும் ஓர் ஒப்பந்தம் போட்டான். அதில் கன்றுக்குப் பதில் ஆட்டுக்குட்டி. இந்த ஆட்டுக்குட்டியைப் பலிக்கோ விருந்துக்கோ கொண்டுவரவில்லை. இது ஆட்டுக்குட்டியின் தலை இல்லை, இது மத்தியேலின் தலை, அவன் மக்களின் தலை, அவன் நாட்டாரின் தலை என்று அந்தப் பலகை பேசுகிறது. மத்தியேல் அசீரியாவுக்குக் கொடுத்த வாக்கைக் காக்கவில்லை. நீண்ட முற்றுகைக்குப் பின் கி.மு. 740-இல் அர்பாத் விழுந்தது.

ஆக, கன்று பலியும் இல்லை, விருந்தும் இல்லை. அது ஒரு செய்முறை விளக்கம். “பொய் சொன்னால் என் கண் அவிந்து போகட்டும்” என்று நம் பக்கம் சத்தியம் செய்வார்களே, அதே இலக்கணம்தான். அங்கே அந்தக் கண்ணை மெழுகில் செய்து, எல்லோரும் பார்க்கக் குத்திக் காட்டிவிடுவார்கள். இரண்டு பாதிகளின் நடுவே நடப்பவன் “நான் மீறினால் இந்தக் கன்றின் கதி எனக்கு” என்று காலால் சொல்கிறான்.

34:19 யார் யார் நடந்தார்கள் என்று பட்டியல் போடுகிறது: யூதாவின் பிரபுக்கள், எருசலேமின் பிரபுக்கள், அரமனைப் பிரதானிகள், ஆசாரியர்கள், தேசத்தின் ஜனங்கள். ஊர்ப் பெரியவர்கள் ஒருவர் பாக்கியில்லை. நடந்த இடம் கர்த்தருடைய ஆலயம் (34:15). அதனால்தான் மனிதருக்கும் மனிதருக்கும் இடையே போட்ட அந்த ஒப்பந்தத்தைக் கடவுள் “என் உடன்படிக்கை” என்கிறார். அவர் சாட்சி மட்டும் இல்லை, உத்தரவாதமும் அவரே. அவர் பெயரைச் சொல்லிக் கடன் வாங்கிவிட்டு ஏமாற்றினால், கடன் கொடுத்தவனுக்கு அவர் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. “என் நாமத்தைப் பரிசுத்தக் குலைச்சலாக்கினீர்கள்” என்ற குற்றச்சாட்டுக்கு இங்கே மிகச் சாதாரணமான, கிட்டத்தட்ட வணிகமான பொருள் உண்டு. நீங்கள் கேட்ட “ஏன் இத்தனை கொதிப்பு” என்பதற்கு முதல் விடை இதிலேயே இருக்கிறது.

சடங்கின் மறுபக்கத்தை ஆதியாகமம் 15-இல் பார்க்கலாம். ஆபிராம் மூன்று வயதுக் கிடாரியையும் வெள்ளாட்டையும் ஆட்டுக்கடாவையும் துண்டித்து எதிரெதிராக வைக்கிறான். இருட்டியதும் புகைகிற சூளையும் எரிகிற தீப்பந்தமும் துண்டங்களின் நடுவே போகின்றன. ஆபிராம் நடக்கவில்லை. வாக்குக் கொடுப்பவர்தானே நடக்க வேண்டும். அன்று நடந்தது கடவுள். அந்தக் கதையில் சின்ன விவரம் ஒன்று வருகிறது: பிண உடல்களின்மேல் பறவைகள் இறங்கின, ஆபிராம் அவற்றைத் துரத்தினான். எரேமியா 34:20-இல் பறவைகள் மறுபடி வருகின்றன: உங்கள் பிரேதம் ஆகாயத்துப் பறவைக்கும் பூமியின் மிருகத்துக்கும் இரையாகும். உபாகமம் 28:26-இல் இருக்கும் சாபத்தின் வாசகமே இது; அங்கே இன்னும் கொஞ்சம் நீட்டி, “விரட்டுவார் இல்லாதிருப்பார்கள்” என்று சொல்கிறது. ஆபிராம் செய்த அந்தச் சின்ன வேலையைச் செய்யக்கூட ஆள் இருக்காது. இந்த மூன்று இடங்களையும் எழுதியவர்கள் ஒன்றை ஒன்று மனத்தில் வைத்து எழுதினார்களா என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் சேர்த்துப் படித்தால் முதுகு சில்லிடும்.

தீர்ப்பின் சொற்களையும் கொஞ்சம் கவனித்துப் படிக்க வேண்டும். விடுதலைக்கு எரேமியா பயன்படுத்தும் சொல் தெரோர். அக்காடிய மொழியில் இதற்கு உறவான சொல் அந்துராரும்: மெசொப்பொத்தேமிய ராஜாக்கள் கடன்களைத் தள்ளி, கடனுக்கு விற்கப்பட்டவர்களை வீட்டுக்கு அனுப்பி வெளியிட்ட அரசாணை. பாபிலோனின் அம்மிசதூக்கா கி.மு. 17-ஆம் நூற்றாண்டில் போட்ட அத்தகைய ஆணை ஒன்று இன்றும் வாசிக்கக் கிடைக்கிறது. ஆக, தெரோர் அறிவிப்பது ராஜாவின் வேலை. அந்தச் சொல்லைத்தான் கடவுள் பிடிக்கிறார் (34:17). உங்கள் சகோதரனுக்கு நீங்கள் தெரோர் கூறவில்லை. சரி, நான் கூறுகிறேன். பட்டயத்துக்கும் கொள்ளைநோய்க்கும் பஞ்சத்துக்கும் உங்கள்மேல் தெரோர். அவிழ்த்துவிட வேண்டியவர்களை நீங்கள் கட்டிவைத்தீர்கள், கட்டிவைத்திருந்தவற்றை நான் அவிழ்த்துவிடுகிறேன் என்று பொருள்.

இன்னொரு சொல்விளையாட்டு எபிரெயத்தில் “ஷூப்” என்ற வினையில் நடக்கிறது. நம் நற்பேறு, இதற்குத் தமிழில் “திரும்பு” கச்சிதமாகப் பொருந்துகிறது. நீங்கள் மனம் திரும்பினீர்கள் (34:15). பிறகு திரும்பிவிட்டீர்கள், விட்ட அடிமைகளைத் திரும்பப் பிடித்தீர்கள் (34:16). ஆகவே, விலகிப்போன பாபிலோன் படையை நான் திருப்பிக் கொண்டுவருவேன் (34:22). மூன்றும் அங்கே ஒரே வினை. குற்றமும் தண்டனையும் ஒரே சொல்லில் நிற்கும்போது, தண்டனை எங்கிருந்தோ வந்து விழுகிற இடியாக இருக்க முடியாது.

சிதேக்கியாவின் சத்தியத்தை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா. அதே காலத்தில், பாபிலோனுக்கு ஏற்கெனவே நாடுகடத்தப்பட்டவர்கள் நடுவே இருந்த எசேக்கியேல் 17-ஆம் அதிகாரத்தில் ஒரு விடுகதை போடுகிறார்: இரண்டு கழுகுகள், ஒரு திராட்சைக்கொடி. முதல் கழுகு நட்ட கொடி, தண்ணீர் தேடி இரண்டாம் கழுகின் பக்கம் வேரைத் திருப்புகிறது. விடையும் அவரே சொல்கிறார். முதல் கழுகு பாபிலோன் ராஜா, இரண்டாவது எகிப்து, கொடி சிதேக்கியா. குதிரைகளும் ஆட்களும் கேட்டு எகிப்துக்குத் தூதர்களை அனுப்பினான் என்கிறது 17:15. லாகீஸ் கடிதங்களில் மூன்றாவதில், எல்நாத்தானின் மகனான படைத்தலைவன் கோனியாகு எகிப்துக்குப் போக இறங்கி வந்ததாக ஒரு வரி இருக்கிறது. அவன் போனது இதே காரியத்துக்குத்தான் என்று நிரூபிக்க முடியாது. காலமும் திசையும் ஒத்துப்போகின்றன.

வியப்பு 17:19-இல் இருக்கிறது. சிதேக்கியா முறித்தது நேபுகாத்நேச்சாருக்குக் கொடுத்த வாக்கு. அந்நியன், வேறு தேவர்களை வணங்குகிறவன், நகரத்தைக் கொள்ளையடித்தவன். அவனிடம் கட்டாயத்தின்பேரில் செய்த சத்தியத்தைக் கடவுள் “என் ஆணை, என் உடன்படிக்கை” என்கிறார். தேசபக்தியைக் காரணம் காட்டிச் சத்தியத்தை முறிக்கலாம் என்ற வாதத்துக்கு எசேக்கியேலிடம் இடமே இல்லை. கர்த்தர் பெயரில் ஆணையிட்டாயிற்று (2 நாளாகமம் 36:13 அதை வெளிப்படையாகச் சொல்கிறது). எதிரில் நின்றவன் யார் என்பது கணக்கில் வராது. ஆமோஸ் தீரு என்ற அந்நியத் துறைமுகப் பட்டணத்தைக் குற்றம் சாட்டும்போதும், “சகோதர உடன்படிக்கையை” நினைக்காமல் ஆட்களை ஏதோமுக்கு ஒப்புக்கொடுத்தார்கள் என்பதுதான் புகார் (1:9). தீரு இஸ்ரவேலின் கடவுளை வணங்கிய பட்டணமே இல்லை. வாக்கு மீறல் என்ற குற்றம் தீர்க்கதரிசிகளிடம் இன எல்லையில் நிற்பதில்லை.

சிதேக்கியாவின் முடிவு தெரிந்ததுதான். கி.மு. 587-இல் (586 என்பாரும் உண்டு) மதில் உடைந்தது. இரவில் ஓடியவனை எரிகோச் சமவெளியில் பிடித்து, ரிப்லாவுக்குக் கொண்டுபோனார்கள். பிள்ளைகளை அவன் கண்முன்னே வெட்டி, பிறகு அவன் கண்களைக் குருடாக்கி, வெண்கல விலங்கு பூட்டி பாபிலோனுக்குக் கொண்டுபோனார்கள். யூதாவின் பிரபுக்களையும் ரிப்லாவிலேயே வெட்டினார்கள் (எரேமியா 52:10). செஃபிரே கல்லில் இருந்த மெழுகு மனிதனின் கண்ணையும், “மத்தியேலும் அவன் பிரபுக்களும்” என்ற வரியையும் இப்போது திரும்பப் படித்துப் பாருங்கள். நேபுகாத்நேச்சார் வெறியில் செய்ததாக நமக்குத் தோன்றுவது, அந்தக் காலத்து ஒப்பந்தச் சட்டத்தில் எழுதியிருந்த விதி. அதை நியாயம் என்று நான் சொல்லவில்லை. அன்று அதைக் கேட்ட ஒருவருக்கு அதன் பொருள் உடனே விளங்கியிருக்கும் என்கிறேன்.

பின்னால் ஒட்டிய காரணமா என்ற உங்கள் கடைசிக் கேள்விக்கு ஆமாம் என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். எரேமியாவின் நூல், மக்கள் பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்டிருந்த சிறையிருப்புக் காலத்தில் பல கைகள் பட்டு உருவானது. அழிவுக்கு விளக்கம் தேடிய தலைமுறையின் முத்திரை அதில் இருக்கிறது. உடன்படிக்கை என்ற சிந்தனையே உபாகமக் காலத்தில் பிந்தி உருவானது என்று வலுவாக வாதாடிய ஜெர்மானிய அறிஞர்கள் உண்டு. அவர்கள் கையில் நல்ல சாட்சியும் இருக்கிறது: ஆமோஸ் நூல் முழுவதிலும் உடன்படிக்கையைக் குறிக்கும் பெரீத் என்ற சொல் மேலே சொன்ன தீருவின் வசனத்தில் மட்டும்தான் வருகிறது, கடவுளுக்கும் இஸ்ரவேலுக்கும் இடையிலான உறவுக்கு ஒருமுறைகூட இல்லை.

ஆனால் சொல் இல்லாததால் பொருளும் இல்லை என்று ஆகிவிடாது. ஆமோஸ் 4-ஐ எடுங்கள். பஞ்சம், மழையின்மை, பயிர்க்கருகல், கொள்ளைநோய், கவிழ்க்கப்பட்ட பட்டணங்கள் என்று ஐந்து அடி. ஒவ்வொன்றுக்கும் பின்னால், “ஆகிலும் நீங்கள் என்னிடத்தில் திரும்பவில்லை” என்று ஒரே பல்லவி. லேவியராகமம் 26, உபாகமம் 28 இரண்டிலும் உள்ள சாபப் பட்டியல்களின் சரக்கு இதுதான். கட்டிய வீட்டில் குடியிருக்கமாட்டீர்கள், நட்ட திராட்சையின் ரசம் குடிக்கமாட்டீர்கள் என்று ஆமோஸ் 5:11 சொல்வது உபாகமம் 28:30-இன் நேர்ச் சாயல். மீகா 6-இன் கடைசியிலும் இதே அச்சு: விதைப்பாய், அறுக்கமாட்டாய்.

அந்த அச்சு எங்கே வார்த்தது என்பதும் தெரியும். அசீரிய ராஜா எசரத்தோன் கி.மு. 672-இல் தன் மகன் அஷூர்பனிப்பாலின் பட்டத்துரிமைக்காகக் கீழ்ப்பட்ட தலைவர்களிடம் வாங்கிய சத்தியப் பலகைகள் 1955-இல் நிம்ரூதில் துண்டு துண்டாகக் கிடைத்தன. 2009-இல் துருக்கியின் தெல் தயினாத்தில் கோயில் அறை ஒன்றில் இன்னொரு பிரதி கிடைத்தது. உங்கள் நிலம் இரும்பாகட்டும், வெண்கல வானத்திலிருந்து மழை பெய்யாததுபோல உங்கள் வயலில் மழை பெய்யாதிருக்கட்டும் என்கிறது அந்தப் பலகை. உபாகமம் 28:23: தலைக்கு மேல் வானம் வெண்கலம், காலுக்குக் கீழ் பூமி இரும்பு. உங்கள் சதை கழுகுக்கும் வல்லூறுக்கும் இரையாகட்டும் என்ற வரியும் அதில் உண்டு. யூதாவின் ராஜா மனாசே எசரத்தோனுக்குக் கப்பம் கட்டியவன். எசரத்தோனின் கல்வெட்டிலேயே அவன் பெயர் இருக்கிறது. எருசலேமின் எழுத்தர்கள் இந்த நடையைக் காதால் கேட்டிருப்பார்கள், ஒருவேளை எழுத்தாகவும் பார்த்திருப்பார்கள். அவர்கள் செய்த துணிச்சலான காரியம், அசீரியப் பேரரசன் இருந்த இடத்தில் தங்கள் கடவுளை வைத்தது. “உன் எஜமானுக்குத் துரோகம் செய்யாதே” என்ற ஒப்பந்த நடை அப்படியே இருக்க, எஜமான் மாறிவிட்டார். விதிகளுக்குள் அடிமையின் விடுதலையும் விதவையின் மேலாடையும் வந்துவிட்டன. எசரத்தோனின் பலகையில் இவை எதற்கும் இடமில்லை. அவனுக்கு வேண்டியது வாரிசுக்கு விசுவாசம் மட்டுமே.

வழக்கு மன்ற நடையும் இங்கிருந்து வந்ததே. ஏசாயா வானத்தையும் பூமியையும் கேட்கச் சொல்லித் தொடங்குகிறார், மீகா பர்வதங்களைக் கூப்பிடுகிறார். பழைய ஏத்திய (ஹிட்டைட்) ஒப்பந்தங்களில் தேவர்களோடு மலைகளும் ஆறுகளும் வானமும் பூமியும் சாட்சிகளாக வரும். தீர்க்கதரிசிகளின் கையில் தேவர்கள் பட்டியலிலிருந்து கழன்றுபோக, மலைகள் மட்டும் சாட்சிக் கூண்டில் மிஞ்சின.

இவ்வளவு சொன்னபிறகு ஓசியாவை விட்டால் படம் கோணலாகிவிடும். சாபம் தன்னால் ஓடுகிற இயந்திரம் என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ளக்கூடாது. உபாகமம் 29:23, உடன்படிக்கையை மீறிய தேசம் சோதோம், கொமோரா, அத்மா, செபோயீம் போல ஆகும் என்கிறது. அத்மாவும் செபோயீமும் அதிகம் பேசப்படாத பெயர்கள். ஓசியா 11:8-இல் கடவுள் திடீரென்று கேட்கிறார்: எப்பிராயீமே, உன்னை எப்படிக் கைவிடுவேன்? உன்னை எப்படி அத்மாவைப்போல் ஆக்குவேன்? செபோயீமைப்போல் வைப்பேன்? சோதோமை விட்டுவிட்டு இந்த இரண்டு பெயரையும் எடுத்ததைப் பாருங்கள். சாப விதியைக் கையில் எடுத்து, அதைப் படிக்க முடியாமல் குரல் உடைகிற நீதிபதியைப் போல இருக்கிறது. நான் மனுஷனல்ல, தேவன் என்று காரணம் சொல்கிறார். மனுஷனாக இருந்திருந்தால் விதிப்படி நடந்திருப்பேன் என்று அதற்கு அர்த்தம். இத்தனைக்கும் எப்பிராயீம் என்ற அந்த வட நாட்டின் தலைநகர் சமாரியா விழுந்தது உண்மை. ஓசியா அதை மறைக்கவும் இல்லை, இந்தக் குரலை அழிக்கவும் இல்லை.

எரேமியாவுக்கே திரும்பி இரண்டு விஷயம். அதே முற்றுகையின்போது, காவல்முற்றத்தில் அடைபட்டிருந்த எரேமியா ஒரு பத்திரம் முடிக்கிறார் (32-ஆம் அதிகாரம்). ஒன்றுவிட்ட சகோதரன் அனாமெயேலின் ஆனதோத்து நிலம், விலை பதினேழு சேக்கல் வெள்ளி. எதிரிப் படை கூடாரம் போட்டிருக்கும் பக்கத்து நிலத்தை யார் வாங்குவார்? அவர் தராசில் வெள்ளியை நிறுத்து, சாட்சிகள் கையெழுத்திட, முத்திரை போட்ட பிரதி ஒன்று, திறந்த பிரதி ஒன்று என்று இரண்டையும் தன் எழுத்தர் பாருக்கிடம் கொடுத்து மண்பாண்டத்தில் பத்திரப்படுத்தச் சொல்கிறார். ஆலயத்தில் கன்றை வெட்டிப் போட்ட ஒப்பந்தம் நெருக்கடி தளர்ந்ததும் காற்றில் போனது. மண்பானையில் போட்ட ஒப்பந்தம் எழுபது வருஷச் சிறையிருப்பைத் தாண்டி நிற்க வேண்டும் என்று எழுதப்பட்டது. இரண்டு அதிகாரங்களையும் அடுத்தடுத்துப் படியுங்கள்.

மற்றது, மறுபடி பிடிக்கப்பட்ட அந்த அடிமைகள் என்ன ஆனார்கள் என்பது. பஞ்சமும் நோயும் பிரபுவையும் அடிமையையும் பிரித்துப் பார்க்காது. முற்றுகையில் அவர்களில் பலர் செத்திருப்பார்கள், அது இந்த அதிகாரத்தின் மேல் என்னால் தள்ளிவிட முடியாத பாரம். அவர்களைப் பற்றி நூல் வேறெதுவும் சொல்லவில்லை. ஆனால் நகரம் எரிந்தபின், காவற்சேனாபதி நேபுசராதான் தேசத்தில் விட்டுவைத்தவர்களைப் பற்றி எரேமியா 39:10-இல் ஒரு வரி இருக்கிறது. ஒன்றுமில்லாத ஏழைகளில் சிலரை யூதா தேசத்திலேயே விட்டு, அன்றைய தினமே அவர்களுக்குத் திராட்சத்தோட்டங்களையும் வயல்களையும் கொடுத்தான்.